பரிசத்துக்கு வந்த சைக்கிள்

சசிதரனின் பச்சைச் சைக்கிள் லூனாசிலிருந்து ஆள் இல்லாமல் தனியாகவே புறப்பட்டுப் பாடாங் செராய்க்கு வந்து சேர்ந்தபோது காலை மணி பதினொன்று பத்து. விடியும்போதே கிளம்பியிருக்கிறது. ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம் என்பது அதிகம்தான். ஆனால் அந்தச் சைக்கிளின் சுபாவம் தெரிந்த எவரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். சந்திக்குச் சந்தி நின்று லோரிக்கும், காடி என்று நாங்கள் சொல்லும் காருக்கும், மோட்டார் சைக்கிளுக்கும், ரொட்டிக்காரருக்கும் வழி விட்டிருக்கிறது. செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் ஒன்று தோட்டத்து வளைவில் திரும்பி முடிக்கும்வரை ஓரமாக ஒதுங்கி நின்றதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தாமான் மெலோர் குடியிருப்பில் அய்யாவு வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் உடனே உள்ளே நுழையவில்லை. அவருடைய இளைய மகள் நளினிக்கு அன்று பரிசம். வந்த விருந்தாளிகள் எல்லாரும் முதலில் உள்ளே போகட்டும் என்று அது கேட் ஓரமாக நின்றது. மட்கார்டு வரை சேறு. மாப்பிள்ளை சசிதரன் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தான், தன் சைக்கிள் வந்தது தெரியாமல்.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். எங்கள் பக்கத்துச் சைக்கிள்களுக்கு உடையவரின் குணம் வந்துவிடும். குலிமிலிருந்து தஞ்சோங் டாவாய் வரைதான் இந்தச் சங்கதி. மாநில எல்லையைத் தாண்டிப் பினாங்குப் பக்கம் கொண்டுபோனால் அது வெறும் இரும்பு. எப்போது தொடங்கியது என்று கேட்டால் ஆளுக்கொரு வருடம் சொல்வார்கள். கித்தா எனும் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட வருடம் என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். நான் அதில் தலையிடுவதில்லை. ஒருவர் ஒரு சைக்கிளை நாற்பது நாள் ஓட்டினால் அவருடைய குணம் அதில் ஏறிவிடும் என்பது மட்டும் நிச்சயம், அதை மறைக்கவும் முடியாது. கோயில் தலைவர் சத்தியசீலனின் மலைச் சைக்கிளுக்கு இருபத்தேழு கியர். எந்தக் கியரிலும் அது ஊருக்கு உபயோகமாக நகர்ந்ததில்லை, ஆனால் எங்கே போட்டோ எடுத்தாலும் முன்வரிசையில் போய் நின்றுகொள்ளும். காடி விற்கும் கம்பெனியில் வேலை செய்யும் அழகேசனின் ரேஸ் சைக்கிள் காற்றாகப் பறக்கும், எங்கே போனாய் என்று கேட்டால் அதற்கே தெரியாது. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்கும் பாப்பம்மாவின் கூடை வைத்த சைக்கிள், புதுச் செய்தி இருக்கும் வீட்டு முன்னால் மட்டும் தானே பிரேக் போடும். சுங்கைப் பட்டாணியில் ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து இராசையா வைத்திருப்பது மடக்குச் சைக்கிள். நன்கொடைப் புத்தகத்தோடு யாராவது தெருமுனையில் தலை காட்டினால் அது சடசடவென்று தன்னை மடக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். "எனக்கும் குடுக்கத்தான் விருப்பம் தம்பி, சைக்கிள் விடுகுதில்லை" என்பார் அவர்.

இப்படி ஒரு வசதி இருக்கும்போது ஜாதகத்தை யார் நம்புவார்கள்? சம்பந்தம் பேசினால் மாப்பிள்ளையின் சைக்கிள் மூன்று நாள் பெண் வீட்டில் தங்க வேண்டும், பெண்ணின் சைக்கிள் மாப்பிள்ளை வீட்டில் தங்க வேண்டும் என்று எங்கள் பக்கம் வழக்கமாகிவிட்டது. தங்கும் சைக்கிளை யாரும் ஓட்டக்கூடாது, அதட்டக்கூடாது, சும்மா கவனிக்க வேண்டும். இதில் ஏமாந்தவர்களும் உண்டு. அய்யாவுவின் மூத்த மகள் தேவகிக்குப் பேசிய மாப்பிள்ளை, கடையிலிருந்து அன்றுதான் வாங்கிய சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினான். கைப்பிடியில் பிளாஸ்டிக் கூடப் பிரிக்கவில்லை. மூன்று நாளும் அது சொன்ன இடத்தில் நின்றது. அடக்கமான பையன் என்று அய்யாவு பூரித்துப்போனார். கல்யாணமாகி நாற்பதாம் நாள் அந்தச் சைக்கிள் வீட்டு வாசலுக்குக் குறுக்கே வந்து நின்றது. அதற்குப் பிறகு தேவகியை அது வெளியே விடவே இல்லை, பாசாரில் காய்கறி வாங்கவும் இல்லை, கோயிலுக்கும் இல்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு பையோடு பின்கதவு வழியாகத் தப்பித்து அப்பா வீட்டுக்கு வந்தாள். வந்து மூன்று வருடமாகியும் அவள் கேட்டைத் தாண்டவில்லை. இங்கே யாரும் அவளைத் தடுக்கவில்லை, கேட் திறந்தேதான் கிடந்தது. கேட் வரைக்கும் வருவாள், கால் நின்றுவிடும், திரும்பிவிடுவாள். அந்த வேதனையைத் தின்றுகொண்டுதான் அய்யாவு மூன்று வருடம் உயிரோடு இருந்தார்.

அதனால் நளினியின் சங்கதியில் யாரும் விளையாட முடியாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நளினிக்கு இருபத்தெட்டு வயது. குலிமில் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடிப்பாள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு அரும்பினாலும் அந்தப் பெட்டி முழுவதும் திரும்பிவிடும். ஏழு வருடமாக இதைச் செய்கிறவளிடம் பொய் சொல்வது சிரமம். அவளுடைய சைக்கிள் சிவப்பு. பேச்சு ஒன்று, மணி ஒன்று. வேண்டாம் என்று தீர்மானித்தால் இரண்டு பிரேக்கும் இறுகிவிடும், நாலு பேர் தள்ளினாலும் நகராது. அக்கா மாதிரி நானும் ஒரு பையோடு திரும்பி வரமாட்டேன், ஆளைத் தெரிந்துகொண்டுதான் கழுத்தை நீட்டுவேன் என்று அவள் அப்பாவிடம் நேராகவே சொல்லியிருந்தாள்.

லூனாசில் இருந்த பிரேமாவதிக்கு இது எதுவும் தெரியாமல் இல்லை. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக மகனை வளர்த்த பெண்மணி. அவரிடம் கைநீட்டிப் பேச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. மகன் சசிதரன் மின்சாதனக் கம்பெனியில் டெக்னீஷியன், முப்பத்தொரு வயது, கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, ஆனால் அவனுடைய சைக்கிள்தான் அந்த அம்மாளுக்குத் தலைவலி. இடைநிலைப் பள்ளியில் முதல் வருடம் வாங்கிக்கொடுத்த பச்சைச் சைக்கிள் அது. செயின் கவரில் வெள்ளைப் பெயிண்டில் 'சசி' என்று அவனே எழுதியிருந்தான். அது எல்லாருக்கும் வழி விடும். யாராவது கத்திப் பேசினால் நடுங்கிக் கீழே விழுந்துவிடும். பிரேமாவதி கூப்பிட்டால் பின்பக்கமாகவே உருண்டு வீட்டுக்கு வரும். இன்னொரு கெட்ட பழக்கமும் அதற்கு இருந்தது: பொய் தாங்காது. சின்ன வயதில் அவன் டியூஷனுக்குப் போகாமல் பந்து விளையாடினால், இது மட்டும் தனியாக டியூஷன் வாத்தியார் வீட்டுக்குப் போய் வாசலில் நிற்கும். முன்பு குலிமில் ஒரு சம்பந்தம் வந்தது. பெண் வீட்டில் இரண்டாம் நாள் யாரோ குக்கர் மூடியைக் கீழே போட்டார்கள், சைக்கிள் மயங்கி விழுந்தது. சரியான பயந்தாங்கொள்ளி என்று சொல்லி லோரியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அவமானத்தில் பிரேமாவதி ஒரு வாரம் பாசாருக்கே போகவில்லை.

எனவே இந்த முறை அவர் ஒரு காரியம் செய்தார். அவருடைய அண்ணன் ராமையா மேற்கே கடலோரத்தில், தஞ்சோங் டாவாயில் கருவாடு விற்கிறவர். ஊரே மதிக்கும் மனிதர், அவருடைய பெரிய கறுப்புச் சைக்கிளும் அப்படியே. பையன் உடற்பயிற்சிக்கு ஓட்டட்டும் என்று சொல்லி அண்ணனிடம் அதைக் கேட்டு வாங்கி, மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, அய்யாவு வீட்டுக்கு அனுப்பிவைத்தார். பச்சைச் சைக்கிளைப் பின்கட்டு ஸ்டோரில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். சசிதரன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். "மா, இது சரியில்லம்மா" என்று ஆரம்பித்தான். "ஒன் சைக்கிள நம்பினா ஒனக்குக் கல்யாணமே நடக்காது, வாய மூடிக்கிட்டு இரு" என்றார் பிரேமாவதி. வாயை மூடிக்கொண்டான். அவன் செய்த தப்பு அதுதான், வேறொன்றும் இல்லை.

கறுப்புச் சைக்கிள் அய்யாவு வீட்டுப் போர்ட்டிகோவில் மூன்று நாள் மிகக் கௌரவமாகத் தங்கியது. விடிய நாலரைக்கே எழுந்து ஸ்டாண்டைத் தட்டிவிட்டுக்கொண்டு நிற்கும். அய்யாவு வெளியே வந்தால் கைப்பிடியைத் தாழ்த்தி வணக்கம் வைக்கும். தெருவிலுள்ள பூனைகள் அத்தனையும் அதன் சக்கரத்தைச் சுற்றி வந்து உரசின, அது எந்தப் பூனையையும் விரட்டவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் சுவரில் சாய்ந்து லேசாகக் குறட்டை விட்டது. மாலையானால் மேற்கே திரும்பி நின்று காற்றை மோந்தது. அய்யாவுவுக்கு நிலை கொள்ளவில்லை. இப்படி ஒரு மருமகன் கிடைக்க முன்னோர் புண்ணியம் செய்திருக்க வேண்டும் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நளினி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றாள்.

"முப்பத்தோரு வயசு ஆளு சைக்கிள் ஏன்ப்பா மத்தியானம் தூங்குது?"

"நைட் ஷிப்டு லா. கம்பெனி வேலன்னா அப்படித்தான்."

"பூனை எல்லாம் ஏன் சுத்திச் சுத்தி வருது?"

"நல்ல மனுசன்னு பூனைக்கே தெரிஞ்சிருக்கு. ஒனக்குத்தான் தெரியல."

"சாயங்காலம் ஆனா ஏன் மேக்கால பாத்து நிக்குது?"

"சூரியன கும்பிடுது. பக்தி உள்ள பையன்." அய்யாவு அதற்கு மேல் கேள்வியை அனுமதிக்கவில்லை.

அதே மூன்று நாள் நளினியின் சிவப்புச் சைக்கிள் லூனாசில் இருந்தது. அதை முன்வாசலில்தான் நிறுத்தினார்கள். அது யாரையும் கேட்காமல் பின்கட்டுக்குப் போய் ஸ்டோர் கதவில் முன்சக்கரத்தை முட்டிக்கொண்டு நின்றது. இழுத்துப் பார்த்தார்கள், பிரேக் இறுகிவிட்டது. உள்ளேயிருந்து எப்போதாவது மெதுவாக ஒரு மணிச்சத்தம் கேட்கும், வெளியேயிருந்து இது ஒரு தடவை பதில் கொடுக்கும். மூன்று நாளும் இதே கதை. பிடிவாதக்காரி, ஆனால் நிரந்தர வேலை, ஒழுங்கான குடும்பம் என்று கணித்துப் பிரேமாவதி சம்மதித்தார். சிவப்புச் சைக்கிள் முட்டி முட்டித் தாழ்ப்பாளின் ஆணி ஒன்று தளர்ந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

பிறகு இரண்டு மாதம் நளினியும் சசிதரனும் போனில் பேசினார்கள். அவன் அதிகம் பேசமாட்டான். அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பான், முடித்த பிறகும் ஒரு நிமிடம் காத்திருப்பான், இன்னும் ஏதாவது இருக்குமோ என்று. நளினிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதால்தான் பயமும் வந்தது. கறுப்புச் சைக்கிள் காலையில் ஆளைப் பார்த்ததும் முந்திக்கொண்டு வணக்கம் வைக்கும் ஜாதி. இவனோ ஹலோ சொல்லவே யோசிக்கிறான். இரண்டும் ஒரே ஆளாக இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஓட்டை எங்கே என்று தெரியாத கையுறையைப் பெட்டியில் போட அவளுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அக்காவின் நிழல்தான் தன்னை இப்படி யோசிக்க வைக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டாள். பரிசத்துக்கு வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில் லூனாஸ் வீட்டில் எல்லாரும் தட்டு அடுக்கும் அவசரத்தில் இருந்தபோது ஸ்டோர் தாழ்ப்பாள் கழன்று விழுந்தது. பச்சைச் சைக்கிள் வெளியே வந்து, தட்டுத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கெல்லாம் வழி விட்டு, கடைசி ஆளாகத் தெருவில் இறங்கியது.

பெண் வீட்டில் இருபத்தொரு தட்டு வரிசையாக வைத்தாயிற்று. மாமன் முறைக்கு ராமையாவும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் தெருப் பூனைகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து அவருடைய வேட்டியில் உரசத் தொடங்கின. மனிதர் ஒரு பூனையையும் விரட்டவில்லை. சாப்பாட்டு வாசனை வந்ததும் லேசாகக் கண் அயர்ந்தார். பட்டுச்சேலையில் அறைவாசலில் நின்ற நளினி இதைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு முக்கால்வாசி விளங்கிவிட்டது. மிச்சத்தைச் சொல்லத்தான், விருந்தாளிகள் எல்லாரும் நுழைந்து முடிந்த பிறகு, பச்சைச் சைக்கிள் சேறும் சகதியுமாக உள்ளே உருண்டு வந்தது. தட்டுகளைச் சுற்றிக்கொண்டு போய்ச் சசிதரன் முன்னால் நின்றது.

"யாரோ பசங்க கொண்டாந்து விட்டிருப்பாங்க" என்றார் பிரேமாவதி. "நல்ல நேரம் போவுது, தட்ட எடுங்க."

நளினி நடுக்கூடத்துக்கு வந்தாள். செயின் கவரிலிருந்த சேற்றைக் கையால் துடைத்துப் பெயரைப் படித்தாள். "இது யாரோட சைக்கிள்?" என்று கேட்டாள்.

"நம்மளது இல்லம்மா."

"நான் அவங்கள கேட்டேன், அத்த."

சசிதரன் வாயைத் திறந்தான். பிரேமாவதி அவனைப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது. அந்தக் கூடத்தில் அறுபது பேர் அதைப் பார்த்தார்கள். நளினிக்குக் கண் கலங்கிவிட்டது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

"சைக்கிள் வந்துருச்சு" என்றாள் அவனிடம். "நீங்க எப்ப வருவீங்க? மூணு நாள் இது இங்கதான் நிக்கும். நம்ம வழக்கப்படி."

அவ்வளவுதான், பரிசம் நின்றது. இருபத்தொரு தட்டும் வேனில் ஏறித் திரும்பிப்போயின. போகும்போது ராமையா, ஒன்றும் விளங்காவிட்டாலும், எதற்கும் இருக்கட்டும் என்று அய்யாவுவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். சமைத்த சாப்பாட்டைத் தெருவே சாப்பிட்டது. அய்யாவு சாப்பிடவில்லை. இரண்டாவது மகளுக்கும் இப்படியா என்று போர்ட்டிகோவில் உட்கார்ந்து, அந்தப் பச்சைச் சைக்கிளையே முறைத்துக்கொண்டிருந்தார். சைக்கிள் பயந்து இரண்டு முறை விழுந்தது, இரண்டு முறையும் தானே எழுந்து அவர் எதிரிலேயே வந்து நின்றது.

சனிக்கிழமை ஒரு சம்பவம் நடந்தது. வெங்காயம் இல்லை என்று நளினி கடைக்குக் கிளம்பினாள். வழக்கம்போல் தேவகி கேட் வரை வந்து நின்றுவிட்டாள். பச்சைச் சைக்கிள் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றது. நின்றது நின்றதுதான். சந்தியில் அடுத்தவருக்கு வழி விடுமே, அதே மாதிரி, நீ போன பிறகு நான் வருகிறேன் என்பதுபோல் முன்சக்கரத்தைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு நின்றது. பத்து நிமிடம், இருபது நிமிடம். வெயில் ஏறியது. நளினி தெருவிலேயே காத்து நின்றாள். நாற்பது நிமிடம் ஆனதும் தேவகி, "என்ன இது, நான் போவாம இது போவாது போல" என்று சொல்லிவிட்டு ஒரு காலை வெளியே வைத்தாள். இரண்டாவது காலையும் வைத்தாள். சைக்கிள் அவளுக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி, கடை வரை போனது. பாப்பம்மாவின் சைக்கிள் கிறீச்சிட்டுப் பிரேக் போட்ட சத்தம் அடுத்த தாமான் வரை கேட்டது. வெங்காயத்தோடு திரும்பி வந்த மூத்த மகளைப் பார்த்து அய்யாவு வாய்விட்டு அழுதார். பிறகு எழுந்து போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து சைக்கிளின் சேற்றைக் கழுவினார்.

பையன் எப்படிப்பட்டவன் என்பது நளினிக்கு இப்போது தெரிந்துவிட்டது. வருவானா என்பதுதான் தெரியவில்லை. போனைத் திறந்து பார்ப்பாள். அவன் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டும், பிறகு அது நின்றுவிடும். சனிக்கிழமை முழுவதும் இப்படி, ஞாயிற்றுக்கிழமையும் இப்படி. நல்லவனாக இருந்து என்ன செய்வது, வாய் திறக்காத நல்லவனோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று அவள் தேவகியிடம் சொன்னாள். திங்கட்கிழமை மாலை விளக்கு வைக்கும் நேரத்தோடு கெடு முடியும். அதற்குள் அவன் வராவிட்டால் சைக்கிளை லோரியில் ஏற்றி அனுப்பிவிட்டு இந்தப் பேச்சை இத்தோடு விடுவது என்று தீர்மானித்துவிட்டாள். அவள் தீர்மானித்தால் தீர்மானித்ததுதான்.

திங்கட்கிழமை காலை சசிதரன் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது பிரேமாவதிக்கு நெஞ்சு வலித்தது. அவன் பதறிப்போய் கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். சோதித்துப் பார்த்த டாக்டர், என்னைவிட நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்றாராம். வீட்டுக்கு வந்து அம்மாவைப் படுக்கவைத்து, கஞ்சி காய்ச்சி, துவையல் அரைத்து, பக்கத்தில் வைத்தான்.

"மா, கஞ்சி வெச்சிருக்கேன். நான் நளினி வீட்டுக்குப் போறேன்."

"மோட்டார் சாவி ஒனக்குக் கெடைக்காது."

"தெரியும்மா. நடந்துதான் போறேன்."

முப்பத்தொரு வருடத்தில் போகட்டுமா என்று கேட்காமல் போகிறேன் என்று அவன் சொன்னது அதுதான் முதல் தடவை.

நடந்து போகிறவன் வழி விட ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது. பகல் ஒரு மணிக்குக் கிளம்பியவன் சந்திக்குச் சந்தி நின்றான். ஒரு கிழவருக்குச் சாமான் தூக்கினான். காடியில் போன இரண்டு பேர் நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். நடந்துதான் போவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்று மறுத்தான். தாமான் மெலோருக்கு எதிரே பெரிய ரோட்டை அடைந்தபோது மணி ஆறரை. அப்போதுதான் தொழிற்சாலைப் பேருந்துகள் ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போகும் நேரம். அவன் அந்தப் பக்கம் நின்றான். இந்தப் பக்கம் நளினி நின்றாள், தேவகி நின்றாள், தெருவே நின்றது. பேருந்து போயிற்று, லோரி போயிற்று, மோட்டார்கள் ஈசலாகப் போயின. அவன் வழி விட்டான், விட்டான், விட்டுக்கொண்டே இருந்தான். வானம் மங்கியது. நளினி ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. இருபது நிமிடம் கழித்து அவன் வலது கையை உயர்த்தினான். செம்பனை லோரி ஒன்று பிரேக் போட்டு நின்றது, அதற்குப் பின்னால் மொத்த ரோடும் நின்றது. அவன் எல்லாருக்கும் முன்னால் நடுரோட்டில் நடந்து இந்தப் பக்கம் வந்தான்.

போர்ட்டிகோவில் பச்சைச் சைக்கிள் ஸ்டாண்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தது.

"அந்தக் கறுப்பு சைக்கிள் என் மாமாவோடது" என்றான் சசிதரன், அய்யாவுவிடம், தெரு முழுக்கக் கேட்கும்படி. "இதுதான் என்னோடது. அன்னைக்கே சொல்லிருக்கணும். பயந்துட்டேன்."

"யாருக்குப் பயந்த?"

"எங்கம்மாவுக்கு. இப்பவும் பயம்தான். ஆனா வந்துட்டேன்."

அய்யாவு மகளைப் பார்த்தார். நளினி சிரித்துக்கொண்டே அழுதாள், எது முந்தியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் ஒரு தடவை சூடுபட்ட மனிதர் அய்யாவு, வழக்கத்தை விட்டுக்கொடுப்பாரா? "சைக்கிள் மூணு நாள் நின்னுச்சு. நீயும் நில்லு" என்றார்.

சசிதரன் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு மூன்று நாள் அந்தப் போர்ட்டிகோவில் தங்கினான். கேன்வாஸ் கட்டில் போட்டுக்கொடுத்தார்கள், கொசுவத்தி கொடுத்தார்கள். முதல் நாள் அய்யாவு பின்னாலிருந்து ஒரு அதட்டல் போட்டுப் பார்த்தார். ஆள் நடுங்கினான், விழவில்லை. இரண்டாம் நாள் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்தான், தேவகி எங்கோ கிளம்பியபோது எங்கே என்று கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டான். மூன்றாம் நாள் நளினி அவனை எதிரில் உட்காரவைத்து மூன்று கேள்விகள் கேட்டாள். என்ன கேள்விகள் என்று பாப்பம்மாவின் சைக்கிளுக்கே தெரியாது. ஒரு சொட்டும் ஒழுகவில்லை என்று மட்டும் அக்காவிடம் சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் பக்கம் சைக்கிளோடு மாப்பிள்ளையும் வந்து தங்குகிறான். இரண்டையும் பார்த்த பிறகுதான் தட்டு மாற்றுகிறோம்.

தை மாதம் கோயிலில் கல்யாணம் நடந்தது. தலைவர் சத்தியசீலனின் சைக்கிள் எல்லாப் போட்டோவிலும் இருக்கிறது. ராமையா பெற்றவர் இடத்தில் நின்றார், பூனைகளை வெளியே நிறுத்தக் கோயில் ஆட்கள் பாடுபட்டார்கள். பிரேமாவதி வரவில்லை. என் சொல்லை மீறிப் போனவன் வீட்டுப் படியை மிதிக்கமாட்டேன் என்றார். பொண்ணும் பிள்ளையும் மூன்று தடவை லூனாசுக்குப் போய்க் கூப்பிட்டார்கள், கதவு திறக்கவில்லை. அவர்கள் அய்யாவு வீட்டுக்கு எதிர்வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடிபோனார்கள். தேவகி பாலர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மஞ்சள் சைக்கிளும் வாங்கினாள். சசிதரன் சிரிப்பான், சாப்பிடுவான், வேலைக்குப் போவான். ஆனால் பச்சைச் சைக்கிள் மாலையானால் லூனாஸ் பக்கம் திரும்பி நின்றுகொள்ளும். நளினி அதைத் தினமும் பார்ப்பாள்.

பிரேமாவதி ஆயுசில் சைக்கிள் வைத்துக்கொண்டதில்லை. அது என்ன காட்டிக்கொடுக்கும் என்று அவருக்குத் தெரியும். மகன் போன பிறகு பாசாருக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை, முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. ராமையா ஒரு மூன்று சக்கரச் சைக்கிள் வாங்கிக்கொடுத்தார், பின்னால் கூடை வைத்தது. அந்த அம்மாள் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் கோடு கிழித்துக்கொண்டே ஓட்டினார்; முப்பத்தொன்பதாம் நாள் அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது என்று திட்டம். எங்கேயோ இரண்டு நாள் கோடு கிழிக்க மறந்திருக்கிறார். நாட்காட்டிப்படி முப்பத்தொன்பதாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் வாசலில் சைக்கிள் இல்லை.

அது பாடாங் செராயில் சசிதரன் வீட்டுக் கேட் முன்னால் நின்றது. உள்ளே பார்த்து நிற்கவில்லை. வேறு எங்கோ போகிற வழியில் இளைப்பாற நின்றதுபோல் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றது. கூடையில் பாகற்காயும், சசிதரன் சின்ன வயதில் விரும்பித் தின்னும் பிஸ்கட் பாக்கெட்டும் இருந்தன. அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். நளினி வந்து இரண்டு கதவையும் விரியத் திறந்துவைத்தாள். போனை எடுத்து அந்தச் சைக்கிளைப் போட்டோ பிடித்து மாமியாருக்கு அனுப்பினாள், கீழே இப்படி எழுதி: "சைக்கிள் வந்துருச்சு அத்த. நீங்க எப்ப வருவீங்க?"

அந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. பிறகு நின்றது. மறுபடி காட்டியது, மறுபடி நின்றது. மத்தியானம் வரை இப்படியே போனது. நாலரை மணிக்குப் பக்கத்து வீட்டுக் காடியில் பிரேமாவதி வந்து இறங்கினார். யாரையும் பார்க்கவில்லை. "என் சைக்கிள எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். "தண்ணி குடிச்சிட்டுப் போங்கத்த" என்றாள் நளினி. பிரேமாவதி சைக்கிளைத் தள்ளிப் பார்த்தார். மூன்று சக்கரமும் நகரவில்லை. இரண்டாம் தடவை தள்ளும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது, கைப்பிடியைப் பிடித்தபடி நின்று அழுதார். சசிதரன் அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். வழக்கப்படி மூன்று நாள்தான் இருப்பேன் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். அதைச் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது.

இப்போது அந்த வீட்டுப் போர்ட்டிகோவில் சிவப்பு, பச்சை, மூன்று சக்கரம் மூன்றும் நின்றுவிடுவதால் அவர்கள் புதிதாக வாங்கிய காடிக்கு இடம் இல்லை. அது வெளியே தெருவில் நிற்கிறது. மழை பெய்தால் காடிதான் நனைகிறது, அதை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.